மூன்று நானோமீட்டர்

பணிப்பட்டியல் எழுதுகிறவருக்கு
நிலவைப் பற்றி ஒன்றும் தெரியாது.
ஒஹாத் ரயில்வே கேட்டில் இந்த அக்டோபரில்
எனக்கு விழுந்த விடுப்பு இரவுகள் நான்கு.
ஒன்று முழுநிலவு,
மற்றவை அதன் அக்கம்பக்கம்.

ஹோர்த்தோபாஜ் சமவெளியில்
உப்புப் பூத்த தரை எது, நிலவு எது என்று
பிரிக்க முடியாதபடி வெளிச்சம்.
"இதில் போய் நெபுலாவா?
ஊசி விழுந்தால்கூட எடுத்துவிடலாம்"
என்கிறாள் எதெல்கா.

வாஸ்தவம்.
அதற்குத்தான் இந்த வடிகட்டி.
நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி வட்டம்,
விலையோ ஒரு பழைய மோட்டார் சைக்கிள்.
ஹைட்ரஜனின் சிவப்பில்
மூன்று நானோமீட்டர் அகலத்துக்கு மட்டும்
கதவைத் திறக்கும்.
மற்றவை எல்லாம் வாசலோடு சரி:
நிலவு,
முப்பத்து மூன்றாம் சாலை லாரிகள்,
பக்கத்து வீட்டு வின்ட்ஸே
ஆட்டுப்பட்டிக்கு மேலே மாட்டிவைத்து
அணைக்கவே அணைக்காத அந்த விளக்கு.

வேலையில் எனக்குச் சிவப்பென்றால் நில்.
இங்கே சிவப்புக்கு மட்டும் வழி.

அன்ன மண்டலம் மேற்கே சரிகிறது.
அதன் வாலருகே கூழைக்கடா நெபுலா.
அண்ணாந்து பார்த்தால் அங்கே வெறும் பால்.
ஐந்து நிமிடம் திறப்பு,
மூடி, மறுபடி ஐந்து நிமிடம்.
லென்ஸைச் சுற்றிய வெப்பப்பட்டை பனியை விரட்டுகிறது.
பிடித்துவைத்த வழிகாட்டி நட்சத்திரம்
திரையில் நாடிபோலத் துடிக்கிறது.
ஆறாவது படத்தில் ஒரு செயற்கைக்கோள்
குறுக்கே கீறிவிட்டுப் போனது.
போகட்டும்.

பத்தரைக்கு அவை வந்தன.
முதலில் சத்தம்,
எண்ணெய் காணாத ஆயிரம் கீல்கள்
வானத்தில் ஒன்றாகத் திறந்தாற்போல.
பிறகு வரிசைகள்.
வடக்கிலிருந்து மீன்குளங்களுக்குப்
பெருங்கொக்குகள், ஒரு வரிசை முடியுமுன் இன்னொன்று,
நிலவுக்குக் குறுக்கே
சாம்பல் நிறமாய், வெள்ளியாய், மறுபடி சாம்பலாய்.
எதெல்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு
வெளியே வந்துவிட்டாள்.
தொலைநோக்கி பார்த்த திசையில்தான்
பாதிக்குமேல் கடந்தன.

"இதெல்லாம் உன் படத்தில் விழும், இல்லையா கெதெயோன்?"

காலையில் முப்பத்தெட்டு படங்களையும்
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.
கூழைக்கடா வந்தது.
அலகு, தலை,
கழுத்தில் கங்கு விளிம்பாய் எரியும் ஒரு தூசிமேடு.
என் தோளுக்குப் பின்னால் நின்று
அவள் வேறெதையோ தேடினாள்.
"கொக்குகள் எங்கே?"

ஓர் இறகுகூட இல்லை.
விளக்கிச் சொன்னேன்:
கொக்கின்மேல் பட்டு வந்ததும் நிலவொளிதான்,
நிலவைத் தள்ளினால் கொக்கும் சேர்ந்து தள்ளுபடி.
அப்படியே துளி தப்பி வந்திருந்தாலும்,
ஒரு படத்தில் மட்டும் இருப்பதைப்
பிழை என்று கணினி நீக்கிவிடும்.

"பிழையா?" என்றாள்.
காபிக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு
கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் இரவு அதே சத்தம் கேட்டதும்
வடிகட்டியைக் கழற்றி வைத்துவிட்டு
ஒரே ஒரு படம் எடுத்தேன்.
அதே ஐந்து நிமிடம்.

வெள்ளை.
மூலையிலிருந்து மூலைவரை வெள்ளை.
நிலவு இருக்கிறது அதில்,
வின்ட்ஸேயின் விளக்கு, லாரிகள், கொக்குகள்,
கூழைக்கடாவும்தான் எங்கோ இருக்கிறது.
யாரையும் வெளியே நிறுத்தவில்லை,
ஒன்றும் தெரியவில்லை.
அழிக்க மனம் வராமல் வைத்திருக்கிறேன்.

ஆக்ஸிஜனின் நீலப்பச்சை இன்னும் பாக்கி.
நிலவுக்குச் சிவப்பு ஈடுகொடுக்கும், அது கொடுக்காது;
அமாவாசைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.
அன்று எனக்கு இரவுப்பணி.
கல்மானிடம் மாற்றிக்கேட்க வேண்டும்,
போன முறை கேட்டதற்கே
அவன் முகம் சரியில்லை.

குறிப்பேட்டில் மட்டும் இப்படி இருக்கிறது:

படம் 14. மணி 10.32. கொக்குகள்.
படம் 15. கொக்குகள்.
படம் 16. இன்னும்.
எதெல்கா வெளியே, செருப்பில்லாமல்.